பெல் ஹவுசிங்குக்குள் ஒரு கூலண்ட் கசிவு

“தண்ணி குறையுதுங்க, ஆனா கீழ ஒரு சொட்டுகூட விழ மாட்டேங்குது.”

இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் வண்டியைப் பட்டறையின் உள் மூலையில் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அது சீக்கிரம் கிளம்பாது. ரேடியேட்டர் ஓட்டை, ஹோஸ் கிழிசல், கிளிப் லூஸ் என்றால் கீழே குளம் கட்டி நிற்கும். பையனே பார்த்து முடித்துவிடுவான். சொட்டே விழாத கசிவு வேறு ரகம். இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர், அதாவது கூலண்ட், சூட்டில் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். மிஞ்சுவது பச்சையோ ரோஸோ கலந்த வெள்ளைப் பொருக்கு மட்டும்தான். அதுவும் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடுக்கில் இருக்கும்.

சமீபத்தில் ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு பழைய டீசல் வண்டி வந்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி, இன்ஜின் நேர்வாக்கில் இருக்கும் பழைய அமைப்பு. கம்பெனி பெயர் வேண்டாம். வயதான வார்ப்பிரும்பு இன்ஜின் எதற்கும் இந்தக் கதி வரலாம். ஓனர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், வால்பாறையில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதனால் மலை ஏறாமல் இருக்க முடியாது.

“ஆழியாறு தாண்டி ஒன்பதாவது வளைவுக்குள்ள முள்ளு செவப்புக்குப் போயிருதுங்க தம்பி. நிறுத்தி, ஆற வெச்சு, தண்ணி ஊத்தி, மறுக்கா ஏறணும். அதுபோக கிளட்ச் எடுக்கறப்ப வண்டி ஒரு உதறு உதறுது. அதையும் பாத்துருங்க.”

அந்தக் கடைசி வரியை அவர் போகிற போக்கில் சொன்னார். நானும் அப்போது தனி வேலையாகத்தான் சீட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சி ரோட்டில் ஓடும்போது ஒரு வாரத்தில் குறைகிற தண்ணீர் அந்த ஏற்றத்தில் ஒரே மூச்சில் காலியாகிவிடும். செகண்ட் கியரில் இன்ஜின் கத்திக்கொண்டு ஏறும். வண்டி வேகம் கம்மி என்பதால் ரேடியேட்டருக்கு முகத்துக் காற்று கிடைக்காது. சூடு ஏற ஏற உள்ளே அழுத்தமும் ஏறும். ரேடியேட்டர் மூடியில் 0.9, 1.1 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பார் அழுத்தம் வரை அது பிடித்து வைக்கும், அதற்கு மேல் போனால்தான் திறந்துவிடும். ஒரு பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. கசிவு இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. தண்ணீர் குறைவது ஒரு பக்கம், இருக்கிற தண்ணீரும் சீக்கிரமே கொதிப்பது இன்னொரு பக்கம். சூட்டோடு மூடியைத் திறக்காதே என்று கத்துவதும் இதனால்தான். அழுத்தம் விட்ட அடுத்த நொடியில் உள்ளே இருப்பது நீராவியாகி முகத்தில் அடிக்கும்.

இவர் ஏற்கெனவே வேறு இடங்களில் காட்டியிருக்கிறார். வாட்டர் பம்ப் புதுசு, மூடி புதுசு, மேல் ஹோஸ் புதுசு. கடைசியாக ஒரு இடத்தில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பெரிய எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு லாரி டிரைவர் பேச்சைக் கேட்டு மஞ்சள் தூளும் போட்டிருக்கிறார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குழம்பு வாசனை வந்ததற்குக் காரணம் அதுதான்.

மஞ்சள் தூளை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். நடுக்காட்டில் ரேடியேட்டர் ஊசித்துளை விட்டால், ஊர் வந்து சேர அது உதவும். ஆனால் அது அடைக்க வேண்டிய துளையை மட்டும் அடைக்காது. கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் கோர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள், சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் அறை என்று எல்லா இடத்திலும் போய்ப் படியும். கடையில் டப்பாவில் விற்கும் லீக் அடைப்பான்களும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் கொஞ்சம் பகட்டாகச் செய்கின்றன.

கைக்கு எட்டாத கசிவில் நான் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: ஈரத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டேன். சந்தேகத்துக்கு ஒரு பார்ட், அனுமானத்துக்கு ஒரு பார்ட் என்று மாற்றிக்கொண்டே போனால் வண்டிக்காரர் பாக்கெட்தான் காலியாகும்.

முதலில் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்த்தேன். நீல நிறத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அதன் வழியாக இழுப்போம். சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீருக்குள் வந்திருந்தால் நீலம் நிறம் மாறிவிடும். நீலம் நீலமாகவே நின்றது. இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி எதுவும் இல்லை, ரிசர்வ் டேங்கில் எண்ணெய்ப் படலமும் இல்லை. ஆகவே ஆயில் கூலரும் சரி. முன் சீட்டுக் கால் பக்கம் மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. ஹீட்டர் கோர் ஒழுகினால் அங்கே பிசுபிசுப்பாக ஈரம் இருக்கும், உள் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத மூட்டம் படியும். ஏசி தண்ணீர் அப்படி ஒட்டாது.

அடுத்து பிரஷர் டெஸ்டர். இது எங்கள் ஊரில் இன்னும் நிறையப் பட்டறைகளில் இல்லை என்பது எனக்கு வருத்தம். ஒரு கைப்பம்பு, ஒரு மீட்டர், ரேடியேட்டர் வாயில் பொருந்தும் மூடிகள் சில, அவ்வளவுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அடித்து நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் நன்றாக இருக்கும் ரேடியேட்டரையும் நாமே கெடுத்துவிடுவோம். அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது முள் இறங்கியிருந்தது. ஆனால் வாட்டர் பம்பின் கசிவுத் துளை காய்ந்திருக்கிறது, ஹோஸ்கள் காய்ந்திருக்கின்றன, பிளாக்கின் பக்கவாட்டிலும் ஈரம் இல்லை.

குழிக்குள் இறங்கியிருந்த பையன்தான் சத்தம் போட்டான்.

“அண்ணா, கியர் பாக்ஸ் முன்னாடி அடியில ஈரமா இருக்குது. ஆயிலுங்களா?”

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் மணி வடிவ உறை, அதாவது பெல் ஹவுசிங், அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அங்கே ஈரம் கண்டால் நூற்றுக்குத் தொண்ணூறு மெக்கானிக்குகள் கிராங்க் ஆயில் சீல் போச்சு என்றுதான் சொல்வார்கள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய் வழுக்கல் இல்லை. கழுவினால் போய்விடுகிற பிசுபிசுப்பு, லேசாக இனிப்பு வாடை. கூலண்ட்தான். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், நாக்கில் வைக்கக் கூடாது. பட்டறை நாய்கள் இந்த இனிப்புக்கு ஆசைப்பட்டு நக்கிவிடும் என்பதால் வடித்ததை டிரேயில் பிடித்து மூடி வைப்பது எங்கள் வழக்கம்.

இங்கே அவசரப்படக் கூடாது. தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் இன்னொன்று. ஹெட்டின் பின்பக்கம் உள்ள வளைந்த தண்ணீர்க் குழாய், அதாவது வாட்டர் எல்போ, கசிந்தாலும், ஹீட்டர் ஹோஸ் கசிந்தாலும், தண்ணீர் பிளாக்கின் முதுகு வழியாக வழிந்து இதே துளைக்குத்தான் வரும். வெளியிலிருந்து வழிந்ததா, உள்ளேயே ஊறியதா என்று தெரியாமல் கியர் பாக்ஸில் கை வைத்தால், இறக்கிய பிறகு அசடு வழிய நிற்க வேண்டியிருக்கும். அதனால் ஒளிரும் சாயம் கொஞ்சம் ஊற்றி, வண்டியை ஒரு சுற்று ஓட்டி வரச் சொன்னேன். இருட்டியதும் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தோம். (சில பச்சைக் கூலண்ட்கள் சாயம் இல்லாமலே மினுங்கும். இந்த வண்டியில் கூலண்டை விடத் தண்ணீர்தான் அதிகம், அதனால் சாயம் தேவைப்பட்டது.) எல்போவில் ஒளி இல்லை, பிளாக்கின் முதுகில் மேலே எங்கேயும் இல்லை. கீழே துளையில் மட்டும் பச்சையாக மின்னியது.

செல்ஃப் மோட்டாரைக் கழற்றினோம். ரெண்டு போல்ட், ஒரு வயர், பெரிய வேலை இல்லை. அந்த ஓட்டை வழியாகப் பெல் ஹவுசிங்குக்குள் செல்போனில் மாட்டும் ஒயர் கேமராவை விட்டோம். இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் ஓரத்தைத் தாண்டி, பிளாக்கின் பின் சுவரில் ஒரு வட்டம் தெரிந்தது. அதன் கீழ் விளிம்பிலிருந்து துருக் கோடு ஒன்று நேராக இறங்கியிருந்தது. கோர் பிளக்!

வீடியோவை அப்படியே ஓனருக்கு அனுப்பினேன். இது முக்கியம். ஒரு சின்ன மூடிக்காக கியர் பாக்ஸை இறக்கப் போகிறோம் என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். படத்தைப் பார்த்தபிறகும் அவர் கேட்டார்: “அந்த எடத்துல எதுக்குங்க தம்பி ஓட்டை போட்டு மூடி வெச்சிருக்காங்க?”

நியாயமான கேள்வி. எங்கள் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளுக்குக் குறைவில்லை. என் மாமா ஒருவர் கோர் அடிக்கும் பிரிவில்தான் வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். இன்ஜின் பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வெற்றிடம் வேண்டுமென்றால், அந்த வடிவத்தில் மணலைக் கெட்டியாக்கி அச்சுக்குள் வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். அந்த மணல் உருவம்தான் கோர். அதை அந்தரத்தில் நிறுத்தி வைக்கப் பக்கவாட்டில் பிடிமானம் வேண்டும். வார்த்து முடித்தபின் மணலை வெளியே கொட்ட வழியும் வேண்டும். அந்த வழிகள்தான் இந்த வட்ட ஓட்டைகள். பிறகு அவற்றை இழைத்து, பால் டப்பா மூடியைச் சின்னதாக்கியது போன்ற ஒரு தகட்டு மூடியை அடித்து அடைத்துவிடுவார்கள். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து விரியும்போது இந்த மூடி பிதுங்கி பிளாக்கைக் காப்பாற்றும் என்று ஒரு பேச்சு உண்டு. சில சமயம் அப்படி நடக்கலாம். ஆனால் அதற்காக வைத்ததல்ல. மாமாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

இந்த மூடி பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடு. மூடி ஓரிரு மில்லிமீட்டர்தான், பிளாக்கின் சுவர் அதைவிடக் கனம். துரு இரண்டையும் தின்னும், ஆனால் மூடியில்தான் முதலில் ஓட்டை விழும். தோப்புக்காரர் போர் தண்ணீர்தான் ஊற்றி வந்திருக்கிறார், உப்புத் தண்ணீர். கோயம்புத்தூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையாக “நாங்க சிறுவாணித் தண்ணிதானுங்க ஊத்தறோம்” என்பார்கள். குடிக்கத் தித்திப்பாக இருக்கலாம், இரும்புக்கு அதிலும் பாதுகாப்பு கிடையாது. கூலண்டில் இருக்கும் துருத் தடுப்பு மருந்துதான் விஷயம். நம் ஊரில் உறைபனி இல்லையே, எதற்குக் கூலண்ட் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பழைய மூடியைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

கியர் பாக்ஸ் இறக்கும் கதையை நீட்டவில்லை. புரொபெல்லர் ஷாஃப்ட், கியர் லிங்க், கிராஸ் மெம்பர், கீழே டிராலி ஜாக்கி, வழக்கமான வேலைதான். மேல் பக்கத்து இரண்டு பெல் ஹவுசிங் போல்ட்டுக்கு மட்டும் நீள எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் போட்டு, ஒருவர் மேலிருந்து சாக்கெட்டைப் பிடிக்க, இன்னொருவர் குழியிலிருந்து திருகினோம். கிளட்ச் பிளேட் வெளியே வந்ததும் அந்த உதறலின் காரணம் தெரிந்துவிட்டது. ஃப்ளைவீல் சுழன்று தெளித்த கூலண்ட் பிளேட்டில் பட்டு, அங்கங்கே பளபளவென்று இறுகியிருந்தது. சீட்டில் இரண்டாக எழுதிய வேலை ஒன்றாகிவிட்டது.

பிளக்கை எடுப்பதில் ஒரு பக்குவம் உண்டு. நடுவில் உளி வைத்து ஓங்கி அடித்தால் மூடி உள்ளே விழுந்துவிடும். அதற்கு நேர் பின்னால் இருப்பது கடைசி சிலிண்டரின் வெளிச்சுவர், அதில் அடி விழக் கூடாது. ஓரத்தில் மட்டும் மழுங்கின பஞ்ச் வைத்து மெல்லத் தட்டினால், மூடி அச்சில் திரும்புவது போல் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே எட்டிப் பார்க்கும். வாட்டர் பம்ப் பிளையரில் கவ்வி இழுக்க வேண்டியதுதான். அப்படியே வந்தது. உள்பக்கம் கறையான் அரித்த மரக்கட்டையாகக் கிடந்தது. அதோடு ஒரு கை நிறையச் செம்மண் நிறச் சகதியும் மஞ்சளும்.

ஓட்டையின் சுவரை எமரி தாளால் சுற்றிலும் தேய்த்து, துணியால் துடைத்து, வெர்னியர் வைத்து அளந்தேன். சுவரில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஓவர்சைஸ் மூடி கடைந்து வாங்க வேண்டியிருக்கும். இதில் அந்த அளவுக்குப் போகவில்லை. புது மூடி பித்தளையில் வாங்கினேன். விலை இரும்பை விடக் கொஞ்சம் கூட, துரு ஏறாது. சுற்றி ஒட்ட, காற்றுப் படாத இடுக்கில் இறுகும் வகைப் பசை, மெல்லிய பூச்சாக. பையன் அனபாண்ட் சிலிக்கான் பசை டியூபைத்தான் எடுத்து நீட்டினான், நம் ஊரில் எல்லாக் கசிவுக்கும் அதுதானே மருந்து. சிலிக்கான் பசையை அள்ளி அப்பினால் பிதுங்கிய பகுதி உள்ளே காய்ந்து, பிய்ந்து, ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். மூடியின் உள்வட்டத்துக்குச் சரியாக உட்காரும் சாக்கெட் ஒன்றை வைத்து, நேராக, சரிசமமாக அடித்து இறக்கினேன். விளிம்பு ஓட்டையின் சரிவைத் தாண்டி ஒரு மயிரிழை உள்ளே போனதும் நிறுத்திவிட வேண்டும்.

பசை இறுக ஒரு ராத்திரி விட்டேன். காலையில் கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே மறுபடி தண்ணீர் நிரப்பி, பிரஷர் அடித்து, முள் அசையாமல் நிற்பதைப் பார்த்தபிறகுதான் மேலே ஏற்ற விட்டேன். கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் கையோடு மாறின. பக்கவாட்டில் கைக்கு எட்டுகிற கோர் பிளக்குகளையும் மாற்றினோம், எல்லாம் ஒரே வயசுதானே. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருந்த ஒன்றுக்குச் சுத்தியல் வீச இடமே இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு நடுவில் போல்ட் உள்ள, முறுக்கினால் விரிந்து பிடிக்கிற ரப்பர் பிளக் கிடைக்கும். ஆனால் மேனிஃபோல்ட் சூட்டுக்குப் பக்கத்தில் ரப்பரை நம்ப எனக்கு மனசு வரவில்லை. மேனிஃபோல்டையே கழற்றிவிட்டு உலோக மூடியே போட்டோம்.

இன்றைய சின்னக் கார்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருப்பதால் தொல்லை வேறு மாதிரி. இன்ஜினுக்கும் கேபின் சுவருக்கும் நடுவே கை நுழையாது. வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியையும் வைப்பர் மோட்டாரையும் எடுத்துவிட்டால் பல கார்களில் மேலிருந்து நல்ல வழி கிடைக்கும். பத்து நிமிஷ வேலைக்குச் சோம்பல்பட்டு ஒரு மணி நேரம் கையைக் கீறிக்கொள்பவர்கள் உண்டு. ஹீட்டர் ஹோஸில் பிளாஸ்டிக் இணைப்பு இருந்து அது வெடித்திருந்தால் உலோகத்தில் மாற்றிவிடுங்கள். புதுக் கிளிப் போடும்போது அதன் ஸ்குரூத் தலை அடுத்த முறை ஸ்குரூ டிரைவர் எட்டும் திசையில் இருக்கட்டும். அடுத்த முறை வரப்போவது நீங்களாகவே இருக்கலாம்.

ஷார்ஜாவில் இருக்கும் என் கூட்டாளி ஒருவன் ஒரு ஜெர்மன் வி8 பற்றிச் சொல்வான். இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப் பள்ளத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அதன் முனையில் ஒரு சீல். அந்தச் சீல் காய்ந்தால் முறைப்படி இன்ஜினின் முன்முகம் முழுக்கக் கழற்ற வேண்டும். அப்புறம் யாரோ வெளியார், சுருக்கி உள்ளே விட்டு அங்கேயே நீட்டிக்கொள்ளும் குழாய் ஒன்றைச் செய்து விற்க, வேலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதைச் செய்தவர் கட்டாயம் ஸ்பேனர் பிடித்தவராகத்தான் இருப்பார்.

கடைசி வேலை, நிரப்புவது. வெறும் தண்ணீர் விட்டுச் சகதி வராத வரை அலசி, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. முன்பக்கத்தைக் கொஞ்சம் ஜாக்கியில் தூக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெல்ல ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சுடும் வரை ஐடிலில் விட்டு, குறையக் குறைய நிரப்ப வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால், நன்றாகச் செய்த வேலைக்கும் கெட்ட பெயர் வரும்.

பில்லைப் பார்த்துத் தோப்புக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூடியின் விலை நூறு ரூபாய்க்குள், லேபர் பல ஆயிரம். “மூடிக்கு இல்லீங்க, மூடிகிட்ட போறதுக்குத்தானுங்க காசு” என்றேன். ஹெட் கேஸ்கெட் எஸ்டிமேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய பிளக்கைக் கேட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொண்டார், வால்பாறை மருமகனிடம் காட்டவாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மேலே போய்ச் சேர்ந்தாயிற்று, முள் பாதியைத் தாண்டவில்லை. அடுத்த வார்த்தையே, “தம்பி, நம்ம டிராக்டருக்கும் போர் தண்ணிதானுங்க ஊத்திக்கிட்டிருக்கேன்” என்றார். டிராக்டரில் பக்கவாட்டுப் பிளக்குகள் வெளியே கண்ணுக்குத் தெரியும், சுத்தியல் வீசவும் இடம் இருக்கும். தேங்காய் வெட்டு முடிந்ததும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.